குழலை எதுவும் தொடக் கூடாது

ஆகஸ்ட் 7, திங்கள்

வீட்டு மோட்டார் எரிந்துவிட்டது. கீழ்த் தொட்டியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்து குளித்தேன். பம்பு வடிவமைத்தே தலை நரைத்தவன் வீட்டில் மோட்டார் எரிவது பிறருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அது நான் வடிவமைத்ததல்ல, மயில்சாமி வடிவமைத்தது. இதை எங்காவது பதிவு செய்ய வேண்டும் என்றுதான் ஆண்டின் நடுவில் நாட்குறிப்பைத் தொடங்குகிறேன்.

எங்கள் மலையரசி பம்ப்ஸ் கோவையில் ஓரளவு பெயர் தெரிந்த கம்பெனி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதலாளி நஞ்சப்பன் டெல்லியில் ஓர் ஆயுதக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். மறுநாளே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பம்புல என்னங்க இருக்குது? ஒரு குழாய், அதுல தண்ணி வருது. துப்பாக்கீல என்ன இருக்குது? ஒரு குழாய், அதுல குண்டு வருது. குழாய் குழாய்தானுங்களே?"

அப்படித்தான் நாங்கள் ராணுவத்துக்கு ஸ்நைப்பர் துப்பாக்கி செய்யத் தொடங்கினோம். வீட்டுத் தாழ்ப்பாளைப் போல ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் முன்னே தள்ளிக் கீழே மடக்கிச் சுடுகிற வகை. நவீன ராணுவங்களும் இதையே நம்புகின்றன. அசையும் பாகங்கள் குறைந்தால் தவறும் குறையும். மனிதர்களுக்கும் பொருந்தும் விதி.

வடிவமைப்பு இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று மயில்சாமியுடையது. என்னிடம் வேலை கற்றவன். டிப்ளமோ படித்துவிட்டு மாலை வகுப்பில் பி.இ. முடித்தவன். நான் ஜெர்மனியில் படித்தேன். இன்று அவன் தலைமை வடிவமைப்பாளர், ஜன்னல் வைத்த அறையில் இருக்கிறான். நான் மூத்த ஆலோசகர். என் அறைக்கு ஜன்னல் இல்லை.

"ரெண்டு சேவல உட்டாத்தானுங்க எது சேவல்னு தெரியும்" என்றார் முதலாளி. நவம்பரில் ராணுவம் சோதிக்கும். ஜெயிக்கும் துப்பாக்கிக்கு வடிவமைத்தவன் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இதுவரை நான் வடிவமைத்த பம்புகளுக்கெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்தான். 'ஹர்ஷிதா' ஒன்றரை குதிரைத்திறன் என்னுடையது. 'நிதின்' நீர்மூழ்கி என்னுடையது. சபாநாயகம் என்ற என் பெயரில் உலகத்தில் ஒரு பொருளும் இல்லை.

ஆகஸ்ட் 9, புதன்

இன்று பத்து ரூபாய்ச் சோதனை. துப்பாக்கியின் குழல் அடிக்கட்டையின் மேல் படுத்திருப்பதுபோல் தெரியும். படுத்திருக்கக் கூடாது. பின்முனையில் மட்டும் இறுக்கி, மற்ற நீளமெல்லாம் காற்றில் மிதக்க வேண்டும். குண்டு பாயும்போது குழல் நரம்புபோல அதிரும். எதன்மீதாவது இடித்தால் அதிர்வு கெட்டு, குறி தவறும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே பத்து ரூபாய்த் தாளை நுழைத்து முன்னிருந்து பின்வரை இழுப்பேன். தடையில்லாமல் வந்தால் சரி.

குழலை எதுவும் தொடக் கூடாது. மயில்சாமிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது அவனும் சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு திரிகிறான். கற்றுக்கொடுத்தவன் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை.

மாலை மனைவி சுகந்தி போன் செய்தாள். மகள் பிரசவத்துக்கென்று சென்னைக்குப் போனவள். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாம். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அமைதியான வீட்டில் வேலை நன்றாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 23, புதன்

டீலர்கள் கூட்டம். பம்பு டீலர்களிடம் துப்பாக்கியை ஏன் காட்ட வேண்டும் என்று கேட்டேன். "நம்ம குடும்பமுங்க அவங்க" என்றார் முதலாளி.

உடுமலை டீலர் போல்ட்டை நான்கு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் வாரண்டி உண்டுங்களா? காயில் போச்சுன்னா நாங்க மாத்தித் தரோணுமா, கம்பெனி தருமா?" என்றார்.

"இதில் காயிலே கிடையாது."

"அப்ப பிரச்சனையே இல்லீங்க. நாலு அனுப்புங்."

ராணுவம் மட்டுமே வாங்க முடியும் என்று மயில்சாமி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினான். இந்தப் பொறுமையை வைத்துத்தான் அவன் ஜன்னல் அறைக்குப் போனான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

பழைய பைப் குடோனைச் சுடுகூடமாக மாற்றியிருக்கிறோம். வாஸ்துப்படி இலக்கைக் கன்னி மூலையில் வைத்திருப்பதால், துப்பாக்கியைச் சற்றுக் கோணலாகப் பிடித்துத்தான் சுட வேண்டும். சுடுவது எங்கள் ஓய்வுபெற்ற சுபேதார்.

என் துப்பாக்கி: ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்.

மயில்சாமியின் துப்பாக்கி: ஐந்தும் ஐந்து திசையில். எடை குறைய வேண்டுமென்று குழலை ஒல்லியாக்கியிருக்கிறான். ஒல்லிக் குழல் சாட்டைபோல ஆடுகிறது.

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். கேன்டீனில் வெண்டைக்காய் மோர்க்குழம்பு.

அக்டோபர் 5, வியாழன்

சோதனை நடத்தப்போகும் கர்னல் தேவசகாயம் முன்னோட்டமாக வந்துபோனார். நாகர்கோவில் பக்கத்து மனிதர், மீசைக்குக் கீழே சிரிப்பு இருக்கிறதா என்று தெரியாது. என் துப்பாக்கியைத் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கவில்லை.

"இத மலை மேல தூக்கிட்டுப் போறவன், எதிரியப் பாத்ததும் சுட மாட்டான். இறக்கி வைக்க எடம் கெடச்சுதேன்னு சரணடைஞ்சிருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். மயில்சாமி சிரிக்கவில்லை, சிரிக்காதவன்போல் நடித்தான்.

லேசான துப்பாக்கிதான் தனக்கு வேண்டும், அது நேராகச் சுட்டால் போதும் என்று கர்னல் சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் கிளம்பியதும் மயில்சாமி என் அறைக்கு வந்தான்.

"ஏனுங்ணா, ஒருவாட்டி என்ற துப்பாக்கியப் பாருங்ணா. எங்கியோ சின்னதாத்தான் தப்பு இருக்குது. உங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

"தலைமை வடிவமைப்பாளருக்குத் தெரியாதது ஆலோசகனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனான். இந்த அறையில் உட்கார இன்னொரு நாற்காலி கிடையாது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வழக்கம்போலச் சந்தனம், குங்குமம், மாலை. முதல்முறையாக உண்மையிலேயே ஆயுதம் வைத்துப் பூஜை என்பதால் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு துப்பாக்கிகளும் நடு மேசையில், நடுவே ஒரு பூசணிக்காய்.

பொட்டு வைக்கும் பொறுப்பை மூத்தவன் என்ற முறையில் என்னிடம் கொடுத்தார்கள். எல்லோரும் பூசணிக்காய் உடைக்கிற இடத்துக்கு ஓடிவிட்டார்கள். என் கையில் சந்தனக் கிண்ணம். பெட்டிப் பலகை ஒட்ட எடுத்த மரப்பசை டப்பாவும் எதேச்சையாகப் பக்கத்தில் இருந்தது. வெறும் சந்தனம் உதிர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் பசை சேர்த்துக் குழைத்தேன். மயில்சாமியின் துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கும்போது கை சற்று வழுக்கி, நல்ல உருண்டையாகக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே, முன்நுனியில் இறங்கிவிட்டது. எடுக்கலாம் என்று பார்த்தேன். சாமிக்கு வைத்ததை வழிக்கக் கூடாது. மேலே குங்குமமும் வைத்தேன்.

பொரி நமுத்துப்போயிருந்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

விடுமுறை. நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 25, புதன்

மயில்சாமியின் துப்பாக்கி ஐந்து குண்டையும் ஒரே துளையில் போட்டது.

சுபேதார் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நான்கு குண்டு வேறெங்கோ போய்விட்டதாக நினைத்தார். மறுபடி ஐந்து சுட்டார். மறுபடி ஒரே துளை. குழல் சூடானதும் கூடம் முழுவதும் சந்தன மணம்.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டார். "வந்துட்டுதுங்க… சாமி வந்து இதுல உக்காந்துட்டுது."

எனக்குத் தலைவலி. அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 26, வியாழன்

மயில்சாமி பேக்கரிக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தான். பெருமையடிப்பான் என்று காத்திருந்தேன். காசு கொடுக்கச் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்தான். ஒரு முனை மடங்கி மஞ்சளாகக் கறைபட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டு, வேறு தாள் கொடுத்தான். கோயிலில் வாங்கிய சில்லறையாக இருக்கும்.

"சக்கர அரைதானுங்களேணா உங்களுக்கு?" என்று கேட்டு, பேக்கரிக்காரரிடம் எனக்காகச் சொன்னான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னது. இதெல்லாம் நினைவிருக்கிறது, பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்கு நான் போட்ட வரைபடத்துக்கு அவன் விருது வாங்கியபோது மேடையில் என் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

இந்தத் துப்பாக்கி திடீரென்று நேராகச் சுடும் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் படித்தவன் நான் ஒருவன்தானாம்.

மூன்று காரணங்கள் பரிசீலித்தேன்: காற்றின் ஈரப்பதம், எஃகு நாள்பட்டுப் பதப்படுதல், சுபேதார் புதுக் கண்ணாடி போட்டது. துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்று கருதுகிறேன்.

நவம்பர் 6, திங்கள்

அதே வரைபடத்தில் அதே குழலோடு இரண்டாவது லேசான துப்பாக்கி செய்தார்கள். சுட்டார்கள். ஐந்தும் ஐந்து திசை; ஒன்று கன்னி மூலைச் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து வாழைத்தாரில்.

"பூசை பத்தல" என்றார் முதலாளி. பேரூரிலிருந்து ஐயரை வரவழைத்து ஹோமம் நடத்தினார்கள். புகையில் தீயெச்சரிக்கை மணி அடித்து, மேலேயிருந்து தண்ணீர் கொட்டியது. ஹோமத்தை அணைத்தது என் 'நிதின்' பம்பு. முதல் வினாடியிலேயே முழு அழுத்தம். யாரும் பாராட்டவில்லை.

மறுபடி சுட்டார்கள். ஐந்து திசை.

மயில்சாமி என்னையே பார்த்தான். "ஹோமம் வேண்டாமுங்க. பொட்டு வச்ச கையே இன்னொருக்கா வெச்சாத் தேவலை" என்று முதலாளியிடம் சொன்னான். எனக்குக் கையில் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

சோதனைக்குப் போகுமுன் மயில்சாமியின் துப்பாக்கியைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில் தர்மம் என்று தோன்றியது. சின்ன உளி ஒன்றும் எடுத்துக்கொண்டு ஆயுத அறைக்குப் போனேன். கதவில் புதுப் பூட்டு, மாவிலைத் தோரணம். சாவி முதலாளியின் அரைஞாணில்.

"சாமி உக்காந்ததுங்க. ஆருமே தொடக் கூடாது" என்றார். கையில் உளியைப் பார்த்ததும், "ஏனுங், தேங்காய் உடைக்கறதுக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன். தேங்காயும் உடைத்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக்கொள்ள முதுகு எட்டவில்லை. மயில்சாமி வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. திருப்பி அனுப்ப நினைத்தேன். அதிரசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 22, புதன்

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன், பின்னால் யாரும் திரித்துச் சொல்லக் கூடாது.

மலையடிவாரத்துச் சுடுதளம். என் துப்பாக்கியை இரண்டு சிப்பாய்கள் தூக்கிவந்தார்கள். கர்னல் படுத்துச் சுட்டார். ஒரு ரூபாய் நாணயம். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஒரு கழுதையும் சேத்துக் குடுப்பீங்களா?" என்றார்.

பிறகு மயில்சாமியுடையது. மாலையைக் கழற்ற முதலாளிக்கு மனமில்லை. கர்னல் பார்த்த பார்வையில் கழற்றினார். ஐந்து குண்டு. ஒரே துளை. பின்னும் ஐந்து. அதே துளை. கர்னல் தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினார்.

"இங்க எவன் ஊதுபத்தி ஏத்தினது?"

அவர் குழலை மோந்து பார்த்தார். பேனாக்கத்தியால் முன்நுனியில் கிளறினார். கருகின மஞ்சள் துணுக்கு ஒன்று விழுந்தது. உருண்டையின் மீதி உள்ளேயே கல்போல இருந்தது.

"இது என்ன?"

"சாமிக்கு வச்ச சந்தனமுங்க" என்றார் முதலாளி.

"பேரலுக்கு அடியிலயா? யார் வச்சது? தெரிஞ்சு வச்சதுன்னா இதுக்குப் பேரு சதி. கேஸ் போடுவேன். இத நம்பி என் பையன் ஒருத்தன் பனியில படுத்துக் கெடப்பான்."

"சாமியே…"

"சாமி மேல கேஸ் போட முடியாது. ஆள் பேரச் சொல்லுங்க."

முதலாளி கையிலிருந்த மாலையைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அப்போது மயில்சாமி ஓர் அடி முன்னால் வந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தானுங்க வெச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேசையில் அந்தத் தாள் கிடக்கிறது, பத்து குண்டும் ஒரே துளை. கோவையில் இதுவரை எவனும் செய்யாதது. அதைத் தான் செய்ததாகக் கூசாமல் சொல்கிறான்! இம்பெல்லர் விருது மேடை அப்படியே கண்முன் வந்தது. இன்னொரு முறை விட மாட்டேன்.

"பொய்!" என்று கத்தினேன். "அத வச்சது நான்! என் கையால நான் வச்சேன்!"

மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டான். மாட்டிக்கொண்டவனின் முகம்.

கர்னல் கத்தியை மடக்கினார். "நீங்களா? எதுக்கு வச்சீங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் படிப்பு என்பது கைவிடாது. ஒல்லிக் குழல் சாட்டைபோல ஆடுகிறது என்றேன். முன்நுனியில் ஒரே ஓர் இடத்தில், மென்மையாக ஒரு தாங்கல் கொடுத்தால் ஆட்டம் அடங்கும் என்றேன். சொல்லச் சொல்ல அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. தரையில் குச்சியால் படம் போட்டேன். கணக்கு தன்னால் வந்தது. கனமான குழலைத்தான் எதுவும் தொடக் கூடாது, லேசானதை ஏதாவது ஒன்று, மிகக் கொஞ்சமாக, தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். சிப்பாய்கள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கர்னல் படத்தைக் குனிந்து பார்த்தார். "சரிதான். அப்போ அதே குழலோட செஞ்ச ரெண்டாவதுல ஏன் வைக்கல? அது வாழைத்தாரச் சுட்டதாமே?"

குச்சியால் படத்தில் இன்னொரு கோடு போட்டேன்.

"ஒன்றில் வச்சும் ஒன்றில் வைக்காமலும் ஒப்பிட்டாத்தான் அறிவியல் முறை, சார்."

"ஓ. அப்ப அந்தக் கனமானது?"

"அதுவும்… ஒப்பீட்டுக்குத்தான் செஞ்சது."

இப்படியாக இரண்டு ஆண்டு உழைத்துச் செய்த என் துப்பாக்கியைப் போட்டியிலிருந்து நானே விலக்கினேன். கர்னல் என் கையைக் குலுக்கினார். "சந்தனத்த எடுத்துட்டு ஒழுங்கா ஒரு ரப்பர் வைங்க. இந்த லேசானதயே எடுத்துக்கறோம்" என்றார்.

திரும்பும் வேனில் மயில்சாமி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏனுங்ணா, கேஸ் போடுவேன்னாரே, காதுல உளுகலீங்களா?"

"விழுந்தது. பயந்து உரிமையை விட்டுக்கொடுக்கிற ஆள் நானில்லை."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். தோற்றவர்கள் சிலர் அப்படித்தான்.

டிசம்பர் 4, திங்கள்

துப்பாக்கிக்குப் பெயர் வைத்தாயிற்று. 'ஆத்யா'. முதலாளியின் நான்காவது பேத்தி, வயது நாற்பது நாள்.

"வாக்குக் கொடுத்தீங்களே" என்றேன்.

"உங்க ரெண்டு பேருல ஆரு பேர வைக்கறது? பேத்தின்னா சண்டையே இல்லீங்களே."

வீட்டு மோட்டாரைக் கழற்றி நானே காயில் கட்டினேன். முதல் தடவையிலேயே ஓடியது.

ஜனவரி 8, திங்கள்

ரப்பர் தாங்கலின் வரைபடம் மயில்சாமியிடமிருந்து சரிபார்க்க வந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். பாகத்தின் பெயர் என்ற கட்டத்தில் 'சபா' என்று எழுதியிருந்தான்.

இனிஷியல் இல்லை. முழுப்பெயரும் இல்லை. அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். கட்டம் சின்னது, முழுப்பெயர் கொள்ளாது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பிப்ரவரி 21, புதன்

பொருத்தும் பிரிவு வழியாகப் போனேன். ஒருவன் மற்றவனைக் கேட்கிறான்: "சபா போட்டாச்சாடா?" "போட்டேன்டா, சபா இல்லாம இது எங்க நேராச் சுடப்போகுது?"

மரியாதையில்லாத பேச்சு. சற்றுநேரம் நின்று கேட்டேன்.

தயாராக இருந்த துப்பாக்கி ஒன்றில் பத்து ரூபாய்த் தாளை நுழைத்தேன். பின்னிருந்து தடையில்லாமல் ஓடி வந்து, முன்நுனியில் என் இடத்தில் நின்றது.

மாலை சுகந்திக்கு நானே போன் செய்தேன். பேரன் நடக்கிறானாம். சென்னையில் ரப்பர் சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது, அடுத்த வாரம் அந்த வேலையாக வருகிறேன் என்றேன். கோவையிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. நடு மேசையில் பன்னிரண்டு ஆத்யாக்கள் வரிசையாக. மூத்தவன் என்று பொட்டு வைக்க மறுபடி என்னையே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பூசணிக்காயை நோக்கிப் போனார்கள். மயில்சாமி மட்டும் போகாமல் நின்று, சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தான். அன்று பேக்கரியில் கொடுக்காமல் வைத்துக்கொண்ட மஞ்சள் முனைப் பத்து ரூபாய்த் தாள் இன்னும் அவன் சட்டைப்பையில் எட்டிப்பார்த்தது.

"இந்தவாட்டி வெறும் சந்தனமே போதுமுங்ணா" என்றான். "மரப்பசை வேண்டாம்."

மரப்பசையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

குங்குமம் மட்டும் வைத்தேன். பொரி இந்த ஆண்டு மொறுமொறுப்பாக இருந்தது.